மடுவின் நிறம்

ஆற்று வெள்ளம் மருதன் என்ற கெண்டைமீனைச் சேற்றுக் குட்டையிலிருந்து அடித்துவந்து, மணல் தெரியும் தெளிந்த மடுவில் தள்ளியது. அங்கிருந்த கெண்டைகளெல்லாம் வெள்ளி நிறம்.

"இப்படிக் கறுத்திருக்கிறாயே, நீ வேறு சாதி மீன். தள்ளிப் போ" என்றாள் அவர்களில் மூத்தவளான வெள்ளாயி.

மருதன் பாறை இடுக்கில் தனியே கிடந்தான். அந்தத் தெளிந்த நீரிலேயே இருந்ததில் அவன் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கோடையில் ஒருநாள் வெள்ளாயியே அவனைக் கூட்டத்தோடு மேய அழைத்தாள். அன்றுதான் அவன் வயிறு நிறையத் தின்றான்.

அடுத்த வெள்ளத்தில் ஒரு கறுத்த கெண்டை வந்து விழுந்தது. மருதன் வாலை வீசுவதைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணா!" என்று ஓடிவந்தாள்.

"உனக்குத் தெரிந்தவளா?" என்று கேட்டாள் வெள்ளாயி.

தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள் போல" என்றான் மருதன்.