மஞ்சள் வளையம்

இரண்டு எழுத்து கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு எண் வேண்டும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பைனாகுலரில் பார்த்தாள்.

பழவேற்காடு ஏரியின் முழங்கால் தண்ணீரில் பூநாரைகள். ஐந்நூறு இருக்கும். அவள் பார்த்தது ஓரத்தில் தனியாக நின்ற ஒன்றை மட்டும்.

அதன் காலில் மஞ்சள் வளையம்.

எங்கோ ஓர் உப்பு ஏரிக்கரையில், அது குஞ்சாக இருந்தபோது யாரோ மாட்டிவிட்டது. எழுத்தையும் எண்ணையும் முழுதாகப் படித்துவிட்டால் அது பிறந்த இடம் தெரியும். வயது தெரியும். மூன்று வருடம் விலங்கியல் படித்தவள் அந்த வளையத்தை இதுவரை பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

டி. எச்.

அவ்வளவுதான். அதற்குள் அந்தச் சனியன் காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று தூங்கத் தொடங்கிவிட்டது.

இறக்கு.

இறக்குடி.

படகின் முன்பக்கத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி. பனி கொட்டும் ஊரிலிருந்து தப்பித்து, மாசி வரை வெயில் காய வந்தவர்கள். அந்த அம்மாளுக்கு மூக்குத் தோல் உரிந்திருந்தது. அதிலும் அவருக்கு மகிழ்ச்சிதான். மடியில் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா.

அவர்களுக்குப் பின்னால் விடுதி மேனேஜர் பிரதாப். கடைசியில் மூங்கில் கழியோடு தேசிங்கு மாமா, அவள் அம்மாவின் தம்பி.

அவளுக்கு இன்று முதல் சவாரி. இந்த இருவருக்கும் பிடித்துவிட்டால் சீசன் முழுக்க அவள்தான் கைடு. பிடிக்கவில்லையென்றால் அதே விடுதியில் பழையபடி படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியதுதான். பட்டத்தைக் காட்டியபோது பிரதாப் கொடுத்த வேலை அது.

"டைம் ஆகுது. பறக்க விடுங்க" என்றான் பிரதாப்.

இந்த ஏரியில் அதுதான் வழக்கம். கழியால் படகு விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு. மொத்தக் கூட்டமும் எழும்பும். கேமராக்கள் சடசடக்கும். அவளே ஒன்பது வயதில் படகின் மூக்கில் உட்கார்ந்து கரண்டியால் தகர டப்பாவைத் தட்டியிருக்கிறாள். தட்டியதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

இந்தப் பறவைகள் அத்தனை தூரம் பறந்து வருவது தின்று உடம்பு தேற்றிக்கொள்ள. ஒரு நாளைக்கு எட்டுப் படகு, எட்டுத் தட்டு. தின்றதெல்லாம் பயந்து பறப்பதிலேயே தீர்ந்துவிடும். இதை அவளுக்குக் கல்லூரியில்தான் சொன்னார்கள். அதிலிருந்து தட்டும் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிகிறது.

மாமா கழியைத் தூக்கினார்.

"தட்டாத மாமா."

"இன்னாமே, உன் வேலைக்கோசரம்தான் தட்றேன்."

"தட்டினா ஏரியில குதிச்சிடுவேன்."

"குதி. முட்டி நனையும்."

பிரதாப் சிரிக்கவில்லை. "அவங்க பறக்கிறதப் பார்க்கத்தான்மா வந்திருக்காங்க. நிக்கிறதப் பார்க்க இல்ல."

"நிக்கிறதையும் பாருங்க சார். அதுக்கும் பசிக்கும்ல."

சொல்லிவிட்டாள். வேலை போனால் போகட்டும். பைனாகுலரை மட்டும் இறக்கவில்லை. பாதி கோபம். மீதிப் பாதி அந்த இரண்டு எண்.

மாமாவின் கழி அந்தரத்தில் நின்றது.

பறவை கழுத்தை நிமிர்த்தியது. இறகைச் சிலுப்பியது.

காற்று படகை ஒரு முழம் தள்ளியது.

கால் இறங்கியது. மெல்ல, சேற்றின் சூடு பார்ப்பதுபோல.

மஞ்சள்.

டி. எச். ஏழு.

ஒரு சொட்டுத் தண்ணீர் கடைசி எண்ணின் மேல் நின்றது. வழிந்தது.

நான்கு.

இந்தப் பறவை இந்தக் காலையில் உயிரோடு இருக்கிறது என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். எட்டாவதைத் தாண்டிய ஆளில்லாத வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனவளுக்கு. 'கொக்கு எண்றதுக்கு ஒரு டிகிரியாமே' என்று தெரு முழுக்கக் கேட்டதே, அவளுக்கு.

"டி எச் ஏழு நாலு! மாமா, டி எச் ஏழு நாலு!"

எழுந்து நின்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

ஏரி எழும்பியது.

ஐந்நூறு பறவையும் ஒரே நேரத்தில். சிவப்பும் கறுப்புமாகச் சிறகுகள் வெயிலை மறைத்தன. கேமரா நிற்கவே இல்லை. கணவர் கைதட்டினார். அந்த அம்மாள் அழுதுகொண்டே படம் எடுத்தார். பிரதாப் விசிலடித்தான்.

மாமா தூக்கிய கழியோடு அப்படியே நின்றிருந்தார்.

"நான் தட்டல" என்றார்.

பறவைகள் நின்ற இடத்தில் கலங்கிய சேறு.

பிரதாப் அவள் பக்கம் குனிந்தான். "சூப்பர்மா! சீசன் முழுக்க நீதான். நாளைக்கும் இதே மாதிரி ஒரு கத்து கத்திடு, என்ன?"

அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். நான்கை எழுதியபோது மை இழுத்துக்கொண்டு போனது.

வடக்கே, பின்னால் நீட்டிய கால்களில் ஒரு மஞ்சள் புள்ளி சிறுத்துக்கொண்டே போனது. தூரத்தில் கூட்டம் மறுபடி தண்ணீரில் இறங்கியது.

மாமாவின் கையிலிருந்து கழியை வாங்கினாள். படகைக் கூட்டத்தை விட்டு விலக, எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

கழியைத் தண்ணீருக்குள் விட்டாள். சத்தம் வராமல் ஊன்றினாள்.