மேல் கிளையில் உட்கார்ந்தவர்

மாமரத்துப் பறவைகள் சபையில் மேல் கிளை தலைவருடையது. அங்கிருந்து செம்போத்து "உட்காருங்க!" என்று சொல்லிவிட்டால், பேசிக்கொண்டிருப்பது யாரானாலும் வாயை மூடிவிட வேண்டும்.

"தலைவரே, கீழ்க் கிளை முழுக்க முசுறு எறும்பு! என் குஞ்சுங்க இருக்கிற கூட்டுக்கே வந்துடும்!" என்று மைனா பதறி எழுந்தது.

"இன்றைய அலுவல்ல எறும்பே இல்லை. உட்காருங்க!"

எங்கே உட்காருவது? உட்கார்ந்த இடத்திலெல்லாம் கடிக்கிறதே! மைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தத் தலைவரை நீக்கணும்!" என்று கத்தியது. கடிபட்ட கீழ்க் கிளை மொத்தமும் குதித்துக் குதித்து ஆமோதித்தது.

"அதைப் பேசவும் என் அனுமதி வேணுமே!" என்று செம்போத்து சிரித்தது.

"அதைப் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க கீழ உட்காரணும். அதுதானே சபை வழக்கம்?" என்று மைனா மடக்கியது.

துணைத் தலைவரான கிளி ஆசையாக மேலே பறந்தது. செம்போத்து முறைத்தபடி இறங்கி, மைனா பக்கத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் துள்ளியது.

"ஐயையோ, எறும்பு! தலைவரே, நான் பேசணும்!"

"உட்காருங்க!" என்றது கிளி.

மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "அநியாயம்! அவரைப் பேச விடுங்க!"

"ரெண்டு பேரும் உட்காருங்க!"

அதற்குள் முசுறுகள் மேல் கிளைக்கு ஏறத் தொடங்கியிருந்தன.