விரால் கடிக்கும் நேரம்

"உச்சி வெயில்ல தூண்டில் போட்டா இன்னா ஆவும் மேடம்?" என்று கேட்டாள் இந்திராணி.

அனுப்பம்பட்டு ஏரிக்கரையில் தூண்டில்காரர்களுக்கான கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அதில் பேசியவள் மீன்வள ஆய்வாளர் ஜெபசெல்வி. வந்திருந்த ஆண்கள் டீ குடிக்கப் போய்விட, இந்திராணி மட்டும் நின்றாள். நெற்றியோரத்தில் பிளாஸ்திரி. கோழிக்கூண்டில் இடித்துக்கொண்டாளாம்.

"ஒண்ணும் மாட்டாது. சூட்டுக்கு விரால் கோரைக்குள்ள போய்ப் படுத்துக்கும். மூஞ்சிக்கு நேரா புழு தொங்கினாலும் வாயைத் தொறக்காது."

"அப்ப எப்பதான் கடிக்கும்?"

"விடியக்காலையில. இல்லேன்னா பொழுது சாயறப்ப. கரையில மெதுவா நடக்கணும். காலடி அதிர்ச்சி தண்ணிக்குள்ள போவும். மீனு அதை உடம்பாலயே கேட்டுக்கும்."

"கேட்டா ஓடிருமா?"

"ஓடிரும்."

இந்திராணி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷன் செங்கல்வராயனுக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலும் கையுமாக ஏரிக்குப் போய்விடுவாராம். கட்டினவனுக்காக இவ்வளவு அக்கறையா என்று ஜெபசெல்விக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அதற்குப் பிறகு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள். லைட்ஹவுஸ் குப்பத்தில், வலையிலிருந்து கொட்டிய மீன்களை ஜெபசெல்வி அளந்துகொண்டிருந்தாள். பை நிறைய முருங்கைக்காயோடு இந்திராணி தேடிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் உங்க புண்ணியம் மேடம். நீங்க நல்லா இருக்கணும்."

"பெரிய விராலா மாட்டிச்சா?"

"ஒண்ணுகூட மாட்டல."

ஜெபசெல்வியின் கை அளவுகோலோடு அப்படியே நின்றது. படித்த படிப்பெல்லாம் ஏரியில் விழுந்து முழுகிய மாதிரி இருந்தது.

"விடியக்காலையிலதான போனாரு?"

"இல்ல மேடம். காலையில மாவு மில்லு, கோயிலுன்னு எதுனா சொல்லி நிறுத்திருவேன். 'மேடம் உச்சி வெயில்லதான் போடச் சொன்னாங்க'ன்னு அப்பால நானே இட்டுக்கினு போறேன். அவரு தூண்டிலைப் போட்டுக்கினு குந்துவாரு. நான் கரையில தொம்மு தொம்முன்னு நடந்துக்கினே இருப்பேன்."

"நான் அப்படியா சொன்னேன்?" ஜெபசெல்விக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "எல்லாத்தையும் தலைகீழா பண்ணியிருக்கீங்களே. சரி, வர்ற ஞாயித்துக்கெழம நானே வரேன். விடியறதுக்குள்ள ஒரு விராலாவது மாட்ட வெச்சுக் காட்டறேன்."

இந்திராணி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் செதில் ஒட்டியிருந்த கை. அதைக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம் மேடம். தயவுசெஞ்சு வராதீங்க."

"ஏம்மா?"

இந்திராணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தானே புடிச்ச மீன் இல்லாம அவருக்கு சரக்கு எறங்காது மேடம்."