மஞ்சுளா கண்டுபிடித்த மருந்து

டிரைவர் கோதண்டம் டீசல் திருடுகிறார் என்பதில் கம்பெனி வேனில் வரும் பெண்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"முன்னல்லாம் இன்னா வேகமா ஓட்டுவாரு. இப்ப கால் மணி நேரம் முன்னாடியே வந்து ஹாரன் அடிச்சு, நம்மளத் தலைகூட வார விடாம ஏத்திக்கினு, ஆமையாட்டம் உருட்டறாரு. மெதுவாப் போனா டீசல் மிச்சம். அந்த மிச்சம் எங்க போவுது?" என்று கேட்டாள் செங்கமலம்.

செருப்புக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவர்களில் அவள்தான் மூத்தவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மஞ்சுளாவும் தலையாட்டினாள். மணிமங்கலத்தில் முதல் ஆளாக ஏறுகிறவள் மஞ்சுளா. அவள் தூக்கம்தான் எல்லாரையும்விட அதிகம் கெட்டது.

ஆனாலும் மஞ்சுளாவுக்கு இப்போது ஒரு பெருமை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேன் படப்பையைத் தாண்டுவதற்குள் குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி எடுப்பாள். தோல் வாடையும் டீசல் வாடையும் கலந்தடிக்கும் வேன் அது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். நார்த்தங்காய் ஊறுகாயைச் சப்பினாள். நியூஸ் பேப்பரை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டாள். மாத்திரை போட்ட அன்று மிஷினிலேயே தூங்கி வழிந்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வாந்தி மட்டும் எதற்கும் மசியவில்லை.

கடைசியில், வருகைப் பதிவோடு வேனையும் கவனித்துவந்த டைம் ஆபீஸர் ரகுபதி ஓர் உத்தரவு போட்டார்.

"வண்டில வாந்தி எடுக்கறது யாரும்மா? இனிமே ஒரு தரம் எடுத்தாலும் மறுநாள்லேர்ந்து அவங்களுக்கு வேன் கிடையாது."

பெண்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசுக்காரிகள், அதில் குறை சொல்ல முடியாது.

வேன் இல்லாவிட்டால் மஞ்சுளாவுக்கு வேலை இல்லை. காலை ஷிஃப்டுக்கு மணிமங்கலத்திலிருந்து பென்னலூர் போக வேறு பஸ் கிடையாது. 1991-இல் அந்தப் பக்கம் இருந்த கம்பெனிகளே விரல்விட்டு எண்ணும்படிதான். வீட்டில் சண்டை போட்டு வாங்கிய வேலை வேறு. போய்விட்டால் அம்மா அன்றைக்கே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவாள்.

பயத்தில் மஞ்சுளாவே வைத்தியத்தில் இறங்கினாள். சுக்கையும் ஓமத்தையும் வறுத்துப் பொடித்து, பனைவெல்லத்தில் உருட்டி, வேனில் ஏறியதும் வாயில் அடக்கிக்கொண்டாள். வாந்தி போன இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் டாக்டரம்மா. திருப்பதி போகிறவர்கள், வேளாங்கண்ணி போகிறவர்கள் எல்லாரும் அவளிடம் உருண்டை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள்.

"டாக்டரம்மா வாய்தான் சரி. நீயே போய் டைம் ஆபீஸர்கிட்ட டிரைவரைப் பத்திச் சொல்லு," என்று பெண்கள் அவளை அனுப்பினார்கள்.

மஞ்சுளா சொன்னாள். ரகுபதி அங்கேயே கோதண்டத்தைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, சீக்கிரமா எடுக்கறே, மெதுவா ஓட்டறே. டீசலை மிச்சம் பிடிச்சு விக்கிறியா?"

கோதண்டம் பக்கத்தில் நின்ற மஞ்சுளாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்படிப்பட்டவன் இல்ல சார் நான்."

"அப்ப காரணத்தைச் சொல்லு."

கோதண்டம் வண்டிச் சாவியை உள்ளங்கையில் திருப்பிக்கொண்டே நின்றார்.

"நாளையிலேர்ந்து பழைய நேரம், பழைய வேகம். இனிமே ஒரு புகார் வந்துச்சு, வேலை இருக்காது."

"சரி சார்."

வாயைத் திறக்காததே ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மஞ்சுளாவுக்கும் அதே எண்ணம்தான்.

மறுநாள் வேன் பழைய நேரத்துக்கு வந்தது. மஞ்சுளா நிதானமாகத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஏறினாள். வேன் பழைய வேகத்தில் பறந்தது. படப்பை தாண்டி ஏரிக்கரை வளைவுகளில் அப்படியும் இப்படியும் தூக்கிப் போட்டது. ஒரகடம் வருவதற்குள் சுக்கு உருண்டையும் காலையில் குடித்த காப்பியும் சேர்ந்து வெளியே வந்துவிட்டன.

"வேலை போச்சுக்கா," என்று செங்கமலத்தின் தோளில் சாய்ந்து அழுதாள் மஞ்சுளா.

கோதண்டம் வண்டியை ஓரம் கட்டினார். வாளியை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கித் தண்ணீர் மொண்டுவந்து, ஒருவரையும் தொடவிடாமல் தானே கழுவினார்.

"அழாதம்மா. கம்பெனி போறதுக்குள்ள காஞ்சிடும். ஏன் லேட்டுன்னு கேட்டா பஞ்சர்னு நான் சொல்லிக்கறேன்."

செங்கமலத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"அண்ணே, அப்ப நீங்க இத்தினி நாளு மெதுவா ஓட்டினது..."

"முன்னாடியே எடுத்தாத்தான் பள்ளம் மேடு பாத்து ஓட்ட முடியும். ஆட்டம் இல்லன்னா இந்தப் பொண்ணுக்கு வாந்தி வரல. அதான்."

மஞ்சுளாவின் அழுகை சட்டென்று நின்றது. நிமிர்ந்து அந்த மனிதர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இதை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருட்டுப் பட்டம் வந்திருக்காதே. ஏண்ணே சொல்லல?" என்றாள் செங்கமலம்.

கோதண்டம் வாளியைக் கவிழ்த்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா, வாந்தி எடுக்கறது யாருன்னு கேப்பாரு. இந்தப் பொண்ணு என் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்துச்சேம்மா."