கருகமணியின் பழைய அளவு

ஓசூரின் காலை வெயில் ஸ்கேன் அறையின் பச்சைத் திரை வழியே கசிந்து, படுத்திருக்கும் வஜிஹாவின் ஈரக் கழுத்தில் மின்னுகிறது. வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் முகாம் நடத்தி எல்லோர் கழுத்தையும் ஸ்கேன் செய்தபோது அவள் தைராய்டில் ஒரு கட்டி அகப்பட்டது. ஊசி குத்திச் சோதித்துப் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே வந்திருக்கிறார்கள். சுவரோரம் நிற்கும் கணவன் ஜமீரின் கைக்குள் அவள் கழற்றிக் கொடுத்த, கல்யாணத்தில் கட்டிய கருகமணி இருக்கிறது. ஆபரேஷன் தையலில் உரசக் கூடாதென்று போன வாரமே பஜாரில் கொடுத்து அதை நீளமாகக் கோத்து வாங்கியிருக்கிறான். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கிறார். “கேன்சர்தாம்மா. ஆனா ரொம்பச் சின்னது. நிறையப் பேருக்கு இது கழுத்துல இருக்கும். இருக்குன்னே தெரியாம வயசாகிப் போய்ச் சேருவாங்க. இப்ப கத்தி வேணாம். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி வாங்க, பாத்துக்கிட்டே இருப்போம். வளந்தா அப்ப யோசிக்கலாம்.” “அப்ப ஆபரேசன் இல்லீங்களா மேடம்?” என்கிறான் ஜமீர். “இல்லீங்க.” அல்ஹம்துலில்லாஹ் என்று அவன் உதடு மட்டும் அசைகிறது. வஜிஹா கழுத்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். அவன் பின்னால் நின்று கருகமணியை மாட்டுகிறான். மாட்டியதும் மணிகள் நெஞ்சு வரை இறங்கித் தொங்குகின்றன. அவள் அவற்றை இரண்டு விரலால் தூக்கித் தொண்டைக்குழியில் வைத்துக் காட்டுகிறாள். “பழையபடி இங்க வர்ற மாதிரி கோத்துத் தரச் சொல்லுங்க.”