சம்பத் அங்கிள் குரலில் ஒரு போன்

"அவர் சரின்னு சொன்னா அனுப்புறேன். இல்லேன்னா மலையும் கிடையாது, டென்ட்டும் கிடையாது," என்று தீனாவின் அம்மா கன்னியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் என்றால் சம்பத் அங்கிள், தீனாவின் அப்பா. மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. 'சரி' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

விடிந்தால் கிளம்ப வேண்டும். என் அண்ணன் பிரிட்டோவின் கார், போளூர் தாண்டி ஜவ்வாது மலை, ரெண்டு ராத்திரி டென்ட்டில். தீனா இதுவரை பார்த்த ஒரே மலை திரிசூலம். அதுவும் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஜன்னல் வழியாக.

"அப்பா நைட் ஷிஃப்ட் போயிட்டாரு. ஃபேக்டரிக்குள்ள போன் எடுத்துட்டுப் போகவும் முடியாது. நீங்க போயிட்டு வாங்க மச்சான்," என்றான் தீனா. மூக்கு வேறு சிவந்துவிட்டது.

பி.டி. சார் குரலில் கத்தி ஒரு கிளாஸையே கிரவுண்டுக்கு ஓட வைத்தவன் இந்த ஜாய்சன். நான் இருக்கும்போது தீனா அழுவதா?

அண்ணன் போனை வாங்கி ஆன்ட்டி நம்பருக்கு அடித்தேன். அங்கிள் மாதிரியே தொண்டையைக் கனைத்தேன்.

"ஏய், நான்தான். சூப்பர்வைசர் போன்லேர்ந்து பேசுறேன். தீனா ஃபேக்டரிக்கே போன் பண்ணிக் கேட்டான். மலைக்குப் போறானாமே?"

"ஆமாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"போவட்டும். வூட்லயே குந்திகினு இன்னா பண்ணப் போறான்? ஸ்வெட்டர் குடுத்து அனுப்பு."

"சரிங்க."

மாட்டவே இல்லை! அந்தக் குஷியில், "நீ சாப்ட்டியா?" என்று எக்ஸ்ட்ராவாக ஒரு டச் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் கரண்டி ஒன்று டங்கென்று கீழே விழுந்தது.

"ம்... சாப்ட்டேங்க."

காலையில் ஆன்ட்டி புளிசோறு கட்டிக் கொடுத்தார். ஆளுக்கொரு குரங்குக் குல்லாவும் தந்தார். என் குல்லாவை மட்டும் அவரே காது வரைக்கும் இழுத்து மாட்டிவிட்டு, "தொண்டையைப் பத்திரமா பாத்துக்கோ ஜாய்சன்," என்றார்.

அங்கிள் ஷிஃப்ட் முடிந்து வீடு வருவதற்குள் நாங்கள் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டோம்.

வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தபோது ஜம்மென்று நின்ற டென்ட், மலைக் காற்றில் கொடியில் காயும் லுங்கி மாதிரிப் பறந்தது. அண்ணன் அதன் பின்னாலேயே ஓடினான். தீனா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டு, "மச்சான், அந்தாண்டயும் மலைதான்டா! அதுக்கு அந்தாண்டயும் மலைடா!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அப்போது அண்ணன் போன் அடித்தது. கன்னியம்மா ஆன்ட்டி! 'சூப்பர்வைசர் போன்' என்று நான் புளுகிய நம்பருக்கே கூப்பிடுகிறார்.

எந்தக் குரலில் எடுப்பது என்று தெரியாமல், "ஹ... ஹலோ?" என்றேன்.

"ஜாய்சன்தானே? குளிருதா?"

மாட்டிக்கொண்டேன். குல்லாவுக்குள் வியர்த்தது.

"ஆன்ட்டி... அங்கிளுக்குத் தெரிஞ்சிடுச்சா? தீனாவை ஒண்ணும் சொல்லாதீங்க ஆன்ட்டி, எல்லாம் நான்தான்."

"நானேதான் அனுப்புனேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் கத்திட்டுத் தூங்கிட்டாரு. அதை விடு."

உயிர் திரும்பி வந்தது. உடனே எனக்குள் இருந்த கலைஞனுக்குச் சந்தேகமும் வந்தது.

"எப்படி ஆன்ட்டி கண்டுபுடிச்சீங்க? கனைப்பு சரியில்லையா?"

"கனைப்பெல்லாம் அச்சு அசல் அவரேதான்டா. கடைசியில 'சாப்ட்டியா'ன்னு கேட்ட பாரு, அங்கதான் மாட்டுன. கல்யாணமான நாள்லேர்ந்து அவர் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்ல."

"ஸாரி ஆன்ட்டி," என்றேன், என் சொந்தக் குரலில்.

"ஸாரியெல்லாம் வேணாம். அதே குரல்ல இன்னொரு தடவை கேளேன்."