நிதானச் சான்று

கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறையை விற்றுவிட்டுத் தனியாக இருந்த குழந்தைவேலு, பழைய கூட்டாளி ஸ்டீபனோடு சேர்ந்து சிங்காநல்லூரில் ஒரு மெஸ் தொடங்க ஆசைப்பட்டார். சொந்தப் பணமே ஆனாலும், தொழிலில் போடுவதற்கு வங்கியின் நிதானச் சான்று வேண்டும். வங்கி அதிகாரி வான்மதி அவர் மணிக்கட்டில் மனநிலையை அளக்கும் பட்டையைக் கட்டி, திட்டத்தைச் சொல்லச் சொன்னாள். ஸ்டீபன் பெயரைச் சொன்னதுமே பட்டை சிவந்தது.

"கணக்குப் பாத்தா மெஸ்ஸுல லாபம் வரும்தானுங்க. ஆனா உங்க மனசு லாபத்தைப் பாக்கல, துணை தேடுது. அப்படி எடுக்கற முடிவுக்குச் சான்று தர முடியாதுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

"துணை தேடறது தப்புங்களா, அம்மிணி?"

வான்மதி பட்டையைக் கழற்றிக்கொண்டாள்.

ஸ்டீபனால் அத்தனை நாள் பொறுக்க முடியவில்லை. வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு மெஸ்ஸைத் திறந்துவிட்டார். கடை வாடகை, பாத்திரம், சமையல்காரர் என்று எதையாவது கேட்டுத் தினமும் வந்துகொண்டிருந்த அவருடைய போன் நின்றுபோனது. குழந்தைவேலு ஒருநாள் அங்கே சாப்பிடப் போனார். கல்லாவைச் சுற்றி ஒரே கூட்டம். ஸ்டீபன் தூரத்திலிருந்து கையை மட்டும் அசைத்தார்.

மூன்று மாதம் முடிந்து வங்கிக்குப் போனபோது பட்டை பச்சையாக எரிந்தது.

"இப்ப மனசு நல்லா நிதானமா இருக்குங்க. எதுல போடலாம்?" என்று கேட்டாள் வான்மதி.

"எதுல வேணாலும் போட்டுக்குங்க."

அவள் காட்டிய இடத்தில் கைரேகை வைத்தார். வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பின்னால் யாரும் காத்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தயங்கிக் கேட்டார்:

"கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கட்டுங்களா?"